மே மாதம் யாருக்குச் சொந்தம்?

மகாராஷ்டிர மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-இல் மார்ச் 17 அன்று முடிந்தது. மே 13-இல் முடிவு வந்தது. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் நாளாக அரசு அறிவித்தது ஆகஸ்ட் 11. நாட்காட்டியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், புனேவில் பத்தாவது எழுதிய பிள்ளைக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் கையில் இருந்தது. பள்ளிப் பருவத்தில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறெப்போதும் கிடைப்பதில்லை.

ஆனால் நகரத்தின் பல நடுத்தரக் குடும்பங்களில் அந்த ஐந்து மாதத்தை யாரும் விடுமுறையாக நினைப்பதில்லை. கடைசித் தேர்வின் களைப்பு தீருமுன்பே ஜேஇஇ, நீட் தயாரிப்பு வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஒன்பதாவது முடித்தவர்களுக்கு ‘வெக்கேஷன் பேட்ச்’. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் பத்தாம் வகுப்புக் கணக்கிலும் அறிவியலிலும் பாதியை முடித்துக் கொடுப்பது அந்த வகுப்புகளின் வாக்குறுதி. சதாசிவப் பேட்டையிலும் கோத்ருடிலும் ஏப்ரல் பிறந்ததும் விளம்பரப் பலகைகளில் சென்ற ஆண்டு முதல் மதிப்பெண் பெற்றவர்களின் முகங்கள் வரிசை கட்டி நிற்கும்.

படிப்பையும் ஓய்வையும் விளையாட்டையும் சமமாகப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொள் என்று பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாம் ஓயாமல் அறிவுரை சொல்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் பகிர்ந்துகொள்ள அவர்கள் கையில் என்ன நேரம் இருக்கிறது? தேர்வு நாளை வாரியம் முடிவு செய்கிறது. நுழைவுத் தேர்வு நாளை வேறொரு அமைப்பு முடிவு செய்கிறது. பயிற்சி வகுப்பின் நேரத்தை அதன் உரிமையாளரும், அதில் சேர்வதா வேண்டாமா என்பதைப் பெற்றோரும் முடிவு செய்கிறார்கள். எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதைப் பிள்ளை சமன் செய்ய வேண்டும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கோடை ஓய்வைக் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. அதைச் செலவிடும் உரிமை மட்டுமே பிள்ளைகளுடையது.

வெயிலும் நாட்காட்டியும்

மாநிலத் தேர்வு வாரியத்தின் தலைமையகம் புனேவில் இருக்கிறது. பாடத்திட்டம் வகுக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இங்கேதான். மகாராஷ்டிரப் பிள்ளைகளின் ஆண்டு எப்படி நகர வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த நகரத்து அலுவலகங்களில் எழுதப்படுகிறது.

2025-இல் அந்த நிறுவனம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில், ஏப்ரல் 8 முதல் 25-க்குள் நடத்தப்பட வேண்டும். அதற்கு முன்பு பல பள்ளிகள் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே தேர்வை முடித்துவிடுவது வழக்கம். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், கற்பிக்கும் நாட்கள் வீணாகின்றன என்பது அரசு தரப்பின் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. தலைமையாசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சுட்டெரிக்கும் வெயில், விடைத்தாள் திருத்தக் கிடைக்கும் சில நாட்கள், மே 1-இல் தேர்ச்சி முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் ஆகியவற்றை அவர்கள் சுட்டினார்கள்.

இங்கே புனேவின் வானிலையைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கோடை என்றால் நமக்கு மே மாதத்துக் கத்திரிதான் நினைவுக்கு வரும். புனேவில் உச்சம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. சராசரியில் ஏப்ரல்தான் அங்கே மிக வெப்பமான மாதம். அதன் பிற்பாதியில் நாற்பது டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் புதிதல்ல. மே பிற்பகுதியில் மேகம் கூடும், மாலையில் இடி மழை இறங்கும், ஜூனில் பருவமழை வந்துசேரும். ஆக, வெயில் உக்கிரமாக இருக்கும் வாரங்களில் பிள்ளைகள் தேர்வு அறையில் இருக்கிறார்கள். அது தணியத் தொடங்கும்போது விடுமுறை தொடங்குகிறது. 2025-இல் மே 2 முதல் விடுமுறை. ஜூன் 16-இல் பள்ளி திறப்பு. மாநிலத்தின் கிழக்கேயுள்ள விதர்பாவில் வெயில் நீடிப்பதால் அங்கே மட்டும் ஒரு வாரம் தள்ளி, ஜூன் 23. வட்டார வானிலைக்கு ஏற்ப நாட்காட்டியை வளைக்க முடியும் என்பதற்கு அதே மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

சிபிஎஸ்இ பள்ளிகளின் கதை வேறு. அங்கே புதிய கல்வியாண்டு ஏப்ரல் 1-இலேயே பிறந்துவிடுகிறது. சில பள்ளிகள் அதற்கும் முன்பே, குறிப்பாகப் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை, தொடங்கிவிட்டன. அப்படிச் செய்யக்கூடாது என்று 2023 மார்ச்சில் வாரியமே சுற்றறிக்கை அனுப்பியது. ஓர் ஆண்டின் பாடத்தைக் குறுகிய காலத்தில் திணிப்பது மாணவர்களைப் பதற்றத்திலும் சோர்விலும் தள்ளும், உடற்கல்விக்கும் சமூகப் பணிக்கும் இடமில்லாமல் போகும் என்று அது எச்சரித்தது. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வுகள். முதலாவது பிப்ரவரியில், இரண்டாவது மே மாதத்தில். ஒரே நாளில் வாழ்க்கையே முடிவாகிவிடும் என்ற பயத்தை இது குறைக்கும். ஆனால் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மே மாதத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால், அந்த மே மாதத்தை எத்தனை பெற்றோர் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

விடுமுறையை வாங்கிக்கொண்ட வகுப்புகள்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் நிலை இன்னும் கடினம். 2025-இல் மகாராஷ்டிரத்தில் அவருடைய பொதுத்தேர்வு பிப்ரவரி 11-இல் தொடங்கி மார்ச் 18-இல் முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஜேஇஇ மெயின் இரண்டாம் சுற்று. ஏப்ரல் 9 முதல் 27 வரை மாநிலத்தின் எம்எச்டி-சிஇடி நுழைவுத் தேர்வு. மே 4-இல் நீட். பொறியியலா மருத்துவமா என்று முடிவு செய்யாத ஒரு பிள்ளை மூன்று மாதத்தில் நான்கு தேர்வுகளுக்கு உட்கார வேண்டியிருந்தது.

இதன் நிழல் கீழ் வகுப்புகள் வரை நீள்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் நடக்கும் ஜூனியர் காலேஜில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருக்கும் ஏற்பாடு மகாராஷ்டிரத்தில் வேரூன்றிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த 2018-இல் புனே உள்ளிட்ட நகரங்களில் அறிவியல் பிரிவு மாணவர்களுக்குக் கைரேகை வருகைப்பதிவை அரசு கட்டாயமாக்கியது. 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக்கூடாது; நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது; வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும்; விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக்கூடாது. எழுதியவர்கள் பிள்ளைகளின் நாளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமைத் தேர்வு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மாநிலங்கள் சட்டமாக்கி நடைமுறைப்படுத்தினால் ஒழிய இந்த நெறிகளுக்குப் பல் இல்லை.

தமிழ்நாடும் இதில் குறைந்ததல்ல. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே ஓட்டிய பள்ளிகளை நாம் அறிவோம். அதைத் தடுக்கவே 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்தச் சுமை தாளாமல் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக்கூடாது என்று கல்வித்துறை எச்சரிப்பதும், வகுப்புகள் நடப்பதும் நமக்குப் பழகிப்போனவை.

உடல் கேட்கும் கணக்கு

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவித்தது. இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. மேரி கார்ஸ்கடன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக நிறுவி வந்த உண்மை இது. பதினைந்து வயதுப் பையன் பதினொரு மணிக்கும் தூங்காமல் புரள்வதற்குக் கைப்பேசி ஒரு காரணம். அவன் உடம்பும் ஒரு காரணம்.

2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, நான்காம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் காலை 9 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று ஆணையிட்டது. சிறு பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது என்று அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ் பேசியதன் தொடர்ச்சி அது. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் உயிரியல்படி காலையில் எழுவதற்கு அதிகம் சிரமப்படுபவர்கள் வளரிளம் பருவத்தினர். ஆணை அவர்களைத் தொடவில்லை. காலை ஷிப்டில் ஏழு மணியளவில் பள்ளி, மாலையில் வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம் என்று பத்து மாதம் ஓடும் பிள்ளைக்குக் கோடையின் முதல் இரண்டு வாரம் விடிந்த பின்னும் தூங்குவது சோம்பல் ஆகாது. கடனை அடைப்பது அது.

விழித்திருக்கும்போது சும்மா இருப்பதற்கும் வேலை இருக்கிறது. வெளி உலகின் மீது கவனம் குவிக்காத நேரத்தில் மூளையின் சில வலைப்பின்னல்கள் மும்முரமாக இயங்குகின்றன. நினைவுகளைக் கோப்பதும், தன்னையும் பிறரையும் எண்ணிப் பார்ப்பதும், எதிர்காலத்தைக் கற்பனை செய்வதும் அவற்றோடு இணைந்தவை. மேரி ஹெலன் இம்மோர்டினோ-யாங் உள்ளிட்டோர் 2012-இல் எழுதிய ஆய்வுரை, இத்தகைய உள்நோக்கிய நேரம் குழந்தைகளின் வளர்ச்சிக்குத் தேவை என்று வாதிட்டது. நான் யார், எனக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்விகள் எழும் வயதில் அவற்றை யோசிக்க நேரம் தராமல், பதினொன்றாவதில் எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்கிறோம்.

என்சிஇஆர்டி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் நாடு முழுவதும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சுமார் 3.8 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். பதற்றத்துக்குக் காரணமாகப் படிப்பையும் தேர்வையும் முடிவுகளையும் சொன்னவர்கள் 81 சதவீதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடம், 1,764, தமிழ்நாடு இரண்டாவது. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். எல்லாவற்றையும் தேர்வின் மீது சுமத்த முடியாது. ஆனால் இந்த இரு மாநிலங்களும் தம் பிள்ளைகளின் மனநிலையைத் தள்ளிப்போட முடியாத வேலையாக எடுத்துக்கொள்ள இந்த எண்களே போதும். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், பயிற்சி மையங்கள் மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்சாகப் பிரிக்கக்கூடாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மனம் சோர்ந்த யாரும் எந்த நேரமும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணை அழைத்துத் தமிழிலும் மராத்தியிலும் பேசலாம்.

மறந்துவிடுமே என்ற அச்சம்

பெற்றோரின் கவலையையும் மதித்துப் பேச வேண்டும். ஆறு வாரம் புத்தகத்தைத் தொடாவிட்டால் எல்லாம் மறந்துவிடாதா? ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவும் 1996-இல் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து, கோடை முடிவில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்குகிறார்கள் என்றார்கள். வாசிப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடைவெளி விரிவதாகவும் கண்டார்கள். பின்னாளில் பால் வான் ஹிப்பல் போன்றோர் புதிய தரவுகளோடு பார்த்தபோது அந்த முடிவுகள் அதே உறுதியோடு திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே கோடை இரண்டரை மாதத்துக்கும் மேல். நம் ஆறு வாரத்தோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது.

நமக்கு நெருக்கமான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழக கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். இழப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கும் அதில் பங்குண்டு. அவர்கள் சிறு வயதினர், சூழலும் வேறு. ஆயினும் ஒன்று தெரிகிறது: பதினெட்டு மாத மூடலிலிருந்தே அவ்வளவு மீள முடிந்தது என்றால், ஆறு வார விடுமுறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஜூனில் இரண்டு வாரம் பழைய பாடத்தை நினைவூட்டுவதற்கு ஒதுக்கும் பள்ளி, வெக்கேஷன் பேட்சின் தேவையையே இல்லாமல் செய்துவிடும்.

சான்றிதழ் கேட்காத வேலைகள்

கோடைச் செயல்பாடுகள் என்று வரும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு மாணவருக்கு விளையாட்டு, ஓவியத் தேர்வு, செவ்விசை, நாட்டுப்புறக் கலை ஆகியவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. கலையையும் விளையாட்டையும் மதிக்கும் நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு. 2025-இல் 211 மாணவர்கள் நூற்றுக்கு நூறு சதவீதம் பெற்றதற்கு இந்தக் கூடுதல் மதிப்பெண்களும் துணை நின்றன. ஆனால் நல்ல கல்லூரியில் இடம் கால் சதவீதத்தில் கைமாறும் ஊரில், தூரிகையும் தபேலாவும் மதிப்பெண் பட்டியலின் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. சான்றிதழ் கைக்கு வந்ததும் தபேலா பரணுக்குப் போகிறது.

அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சன் 2000-இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். வகுப்பில் வளரிளம் பருவத்தினர் கவனம் குவிக்கிறார்கள், ஆர்வம் இருப்பதில்லை. நண்பர்களோடு இருக்கையில் ஆர்வம் இருக்கிறது, கவனக்குவிப்பு இல்லை. இரண்டும் சேர்ந்து அமைவது அவர்களே விரும்பி ஏற்ற விளையாட்டு, கலை, குழுப்பணி ஆகியவற்றில்தான். விரும்பி ஏற்ற என்பதுதான் நிபந்தனை.

அந்த நிபந்தனையை மதித்த மரபு புனேவுக்கு உண்டு. 1875-இல் மகாதேவ் கோவிந்த் ரானடே தொடங்கிய வசந்த வியாக்யானமாலா என்ற கோடைச் சொற்பொழிவு வரிசை, இந்த நகரத்தில் கோடையையே அறிவின் பருவமாக்கியது. வருகைப்பதிவும் தேர்வும் கிடையாது. 1944-இல் பிறந்த ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா அமெச்சூர் வானியலாளர்களின் சங்கம். மாணவர்களும் அங்கே தொலைநோக்கி வழியே வானம் பார்க்கிறார்கள். 1962-இல் அப்பா பெண்ட்சே நிறுவிய ஞான பிரபோதினி, முகாம்களிலும் குழு விளையாட்டிலும் பிள்ளைகளை வளர்த்தது. 1986-இல் மோகன் ஆகாஷே பெர்லினின் கிரிப்ஸ் நாடக முறையைப் புனேவுக்குக் கொண்டுவந்தார். மனநல மருத்துவரான அவர் கொண்டுவந்த அந்த நாடகங்களில் ராஜா, பூதம் கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் படும் பாடுதான் கதை.

எனக்கு மிகப் பிடித்தது அயூக்கா செய்தது. ஜயந்த் நார்லிகர் 1988-இல் நிறுவிய இந்த வானியல் மையம், எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கோடையில் அழைத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு விஞ்ஞானியோடு இருக்க வேண்டும்; பாடத்திட்டம் கிடையாது. ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நூலகத்தில் புரட்டலாம், அளக்கலாம், தவறாகக் கணக்கிட்டுவிட்டு மறுநாள் திருத்தலாம். அதே வளாகத்தின் அறிவியல் கூடத்தில் அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் பணியாற்றினார். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு கிடைக்கும். மூன்று குச்சியில் முக்கோணம், அழுத்தினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம், தொட்டால் சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைத் தாங்கிகளிலும் ஏன் முக்கோணம் வருகிறது என்பதை விரல்களே கண்டுபிடித்துவிடும். வெக்கேஷன் பேட்சில் அதே வடிவியலை ஒரு பிற்பகலில் நாற்பது கணக்காகப் போட்டு முடிக்கலாம். விரல்கள் எதையும் கண்டிருக்காது.

செலவில்லாத கோடையும் இங்கே உண்டு. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சிங்ககட் கோட்டை. வெயில் ஏறுமுன் ஆத்கர்வாடியிலிருந்து நடக்கத் தொடங்கும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மூச்சு வாங்க மேலே நிற்பார்கள். வழியில் எலுமிச்சைச் சர்பத். உச்சியில் சிறு மண்சட்டியில் உறைந்த தயிர், பிட்லா-பாக்ரி. கூட வருபவர் தாத்தாவாகவோ தெருவின் அண்ணனாகவோ இருக்கலாம். எத்தனை முறை ஏறினாய் என்று எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

எல்லாருக்கும் கோடை ஒன்றல்ல

இதுவரை சொன்னது பெரும்பாலும் கட்டணம் கட்ட வசதியுள்ள வீடுகளின் கதை. புனேவில் பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதிகளில் வாழும் பிள்ளைகளுக்கு விடுமுறை வேறுவிதமாகப் பறிபோகிறது. தகரக் கூரை வீட்டில் பகலில் படுக்க முடியாது. பையன்கள் சிலர் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர், சமையல், தம்பி தங்கை என்று முழுநாள் வேலை காத்திருக்கிறது. அவர்களுக்குக் குறைவது ஓய்வும் இடமும் துணையும். கோத்ருடின் லட்சுமி நகரில் பாலக்நீதி குழுவினர் நடத்திவரும் ‘கேள்கர்’ அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டு வீடு. விளையாட்டு, பேச்சு, கைவினை, வாசிப்பு எல்லாம் அங்கே படிப்பின் பகுதி. மாநகராட்சிப் பள்ளிகள் கோடையில் பூட்டிக் கிடக்கின்றன. நூலகம், மைதானம், குடிநீர், ஒரு மின்விசிறி, பொறுப்பான ஒரு பெரியவர் ஆகியவற்றோடு அவற்றை மாலை நேரத்தில் திறந்துவைத்தாலே பெரிய காரியம்.

செய்ய வேண்டியவை

1989-இல் மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் பேசினார். சென்னையில் பிறந்த அந்த நாவலாசிரியர் பதவியையோ இலக்கியத்தையோ பேசவில்லை; புத்தக மூட்டை சுமந்து கூன் விழும் குழந்தைகளுக்காகப் பேசினார். அதன் அலை 1992-இல் யஷ்பால் குழுவாகியது. பையின் எடையைக் காட்டிலும் புரியாமல் படிப்பதே கொடிய சுமை என்று 1993-இல் அந்தக் குழு சொன்னது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றதும் 1992-இல்தான். முப்பது ஆண்டுக்கு மேலாக நமக்குத் தெரிந்த உண்மைக்குப் புதிய குழு வேண்டாம்.

மகாராஷ்டிரம் தன் தேர்வு நாட்காட்டியை வெயிலைப் பார்த்து வகுக்க வேண்டும். புனே போன்ற இடங்களில் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு முன்பே தேர்வு முடிய வேண்டும். பயிற்சி மைய நெறிகளைச் சட்டமாக்கி, பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மே மாதத்தில் கட்டண வகுப்பைத் தடை செய்ய வேண்டும். யாருக்கும் பேட்ச் இல்லை என்றால் யாரும் பின்தங்கப் போவதில்லை. தனியொரு பெற்றோரால் விலக முடியாத பந்தயத்தைச் சட்டத்தால் ஒரே நாளில் நிறுத்த முடியும். பள்ளி நேரம் குறித்த ஆணை மேல் வகுப்புகளுக்கும் நீள வேண்டும். சிபிஎஸ்இயின் மே மாதத் தேர்வு, உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற வரம்போடு இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் கடிகாரம் வேண்டாம். பிறகு பிள்ளையே தேர்ந்த ஒரே ஒரு செயல். பிடிக்காவிட்டால் விட்டுவிடும் உரிமையோடு. ஒரு வாரம் தாத்தா பாட்டி ஊர். வீட்டு வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு. கடைசி வாரத்தில் புதிய பாடநூலை ஆர்வத்தோடு புரட்டிப் பார்க்க விரும்பினால் அது அவர்கள் விருப்பம். பதினைந்து வயதில் தன் நேரத்தைத் தானே ஆண்டு பழகிய பிள்ளைதான் கல்லூரியிலும் வேலையிலும் யாருடைய விசிலுக்கும் காத்திராமல் உழைக்கும். அந்தப் பழக்கத்துக்கு ஆண்டில் ஆறு வாரம் கேட்கிறோம். கொடுத்தே ஆக வேண்டும்.